மாஸ்டர் வெட்டி வைத்த அரசாணிக்காய்

1. முதல் நாள்

ஏற்காட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கிச்சனில் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் முன்னால் வைக்கப்பட்ட முதல் காய் அரசாணிக்காய். மற்ற ஊர்களில் பரங்கிக்காய் என்றும் மஞ்சள் பூசணி என்றும் சொல்வார்கள். சேலம் பக்கத்தில் எங்களுக்கு அது அரசாணிதான். பெரிய கத்தியை எடுத்து ஓங்கினேன்.

"கண்ணு, நில்லு! கத்தியக் கீழ வை!"

அடுப்புப் பக்கத்திலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தவர் பழனி மாஸ்டர். அந்தக் கிச்சனின் தலைமைச் சமையல்காரர். நான் எதையோ கொட்டிவிட்டேன் என்று பயந்து பின்னால் நகர்ந்தேன். அவர் என் கையிலிருந்து கத்தியை வாங்கினார். ஒரே வெட்டில் காயை இரண்டாகப் பிளந்தார். இரண்டு பாதியையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"முழுக்காயப் பொம்பளைங்க வெட்டக் கூடாது சாமி. மொத வெட்டு ஆம்பள வெட்டோணும். இனி நீ என்ன வேணா பண்ணிக்க."

"சேலத்துல கேட்டரிங் படிச்சப்ப நாங்கதானுங்க வெட்டுனோம்."

"படிச்ச எடத்துல வெட்டு. என்ற கிச்சன்ல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கம்மாவுக்கு நான்தான பதில் சொல்லோணும்?"

எனக்குக் கோபம் வந்தது. சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்தவளை இப்படித் தடுக்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் அன்றிலிருந்து அரசாணிக்காய் வந்த ஒவ்வொரு நாளும் அவர் செய்து கொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வருவார். ஒரு வெட்டு வெட்டிக் கொடுப்பார். திரும்பிப் போவார். கிச்சனில் வேறு ஆண்கள் இருந்தார்கள். அவர்களை ஒருநாளும் ஏவியதில்லை. ஒருமுறை பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தபோதுகூட வந்தார்.

நான் படித்த பள்ளியின் ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் பற்றி எழுதித் தரும்படி தலைமையாசிரியை சிஸ்டர் கேட்டார். கேட்டரிங் படிக்க விரும்பும் பெண்களுக்கு உதவும் என்றார். எத்தனையோ நல்ல விஷயங்கள் இருக்கின்றன. எழுத உட்கார்ந்தால் இந்தக் காய்தான் வந்து நிற்கிறது.

2. காய்கறிப் பக்கம்

எங்கள் வீடு நாகலூரில், காப்பி எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளில். அந்த லைனில் பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா எஸ்டேட்டில் பழம் பறித்து, களை வெட்டி என்னைப் படிக்க வைத்தார். கேட்டரிங் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம், "எம்புள்ள ஓட்டல்ல சமைக்குது" என்பார்.

உண்மை வேறு. அந்தக் கிச்சனில் அடுப்புப் பக்கம் ஆண்களுக்கு, காய்கறிப் பக்கம் பெண்களுக்கு. நாங்கள் தோல் சீவுவோம், நறுக்குவோம், அரைப்போம், கழுவுவோம். கெஸ்ட் ஹவுஸ் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பெண்கூட அடுப்பில் நின்றதில்லை. ஒயிட் சாஸ் எப்படிச் செய்வது என்று பக்கம் பக்கமாகப் படித்து வந்த நான், வெங்காயத்தோடு அழுதுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பார்: "இன்னைக்கு என்ன சமைச்சே?"

"சாம்பாருக்கு" என்பேன். சாம்பாருக்குக் காய் நறுக்கினேன் என்பதை அம்மா முழுதாகக் கேட்டதில்லை. எனக்கும் ஒரு ஆசை இருந்தது. என்றைக்காவது ஒருநாள் அம்மாவின் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். அடுப்பு கிடைக்க வேண்டும்.

3. வீட்டில் வைத்த சூப்

அரசாணிக்காய் விஷயத்தில் எங்கள் அம்மாவும் பழனி மாஸ்டர் கட்சிதான். எந்த ஞாயிறும் கோயிலைத் தவறவிட மாட்டார். ஆனால் முழுக்காயில் கத்தி வைக்க மாட்டார். என்னையும் விட மாட்டார். வீட்டில் ஆண் இல்லாததால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முதல் வெட்டு வெட்டச் சொல்வார். ஒரு மழை நாளில் அவர் ஊரில் இல்லை. வீட்டில் அரசாணியைத் தவிர வேறு காயும் இல்லை.

"வெட்டத்தான கூடாது? சுடலாமில்ல?" என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "சுடறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

காப்பிச் செடியின் கட்டை நன்றாகத் தணல் பிடிக்கும். காயைத் துடைத்து அப்படியே தணலில் புதைக்கப் போனேன். "வெடிச்சுரும்டி" என்று அம்மா கோணி ஊசியை எடுத்துவந்தார். காப்பி மூட்டை தைக்கும் ஊசி அது. காம்பைச் சுற்றி நாலைந்து இடத்தில் குத்தினார்.

"இது மட்டும் பரவால்லியா?"

"குத்தறது வேற, வெட்டறது வேற. வாய மூடிட்டுத் தணலத் தள்ளு."

காய் வெந்து, தோல் கரியாகி, ஓரத்தில் தானாகவே வாய் திறந்தது. "பாரு, நெருப்பே வெட்டிருச்சு" என்று அம்மா சிரித்தார். உள்ளே இருந்த சதை, நான் அதுவரை பார்த்த எந்த அரசாணியைப் போலவும் இல்லை. தண்ணீரே இல்லாமல், அல்வா மாதிரி, தேன் நிறத்தில் இருந்தது. அம்மா அதைக் கடைந்து குழம்பாக்கத்தான் நினைத்தார். எனக்குச் சேலத்தில் படித்த க்ரீம் சூப் ஞாபகம் வந்தது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். தோல் கெட்டியான, முற்றிய சின்னக் காயாக எடுங்கள். முழுதாகச் சுட வேண்டும். ஆறியபின் கரியைத் துணியால் துடைத்துவிட்டு, திறந்து, விதையை நீக்கி, சதையை மட்டும் கரண்டியால் வழித்தெடுங்கள். தோலை ஒட்டிச் சுரண்டாதீர்கள், கரி வரும். வெண்ணெயில் சின்ன வெங்காயமும் இரண்டு பல் பூண்டும் நிறம் மாறாமல் வதக்கி, சதையோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் வெண்ணெய் போல அரையுங்கள். காய்கறி வேகவைத்த தண்ணீர் விட்டுக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். உப்பு, நம் மலை மிளகு, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. கடைசியில் பாலேட்டைக் கொஞ்சம் பாலோடு கடைந்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் ஊற்றுங்கள். ஏடு விட்டபின் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

மறுநாள் மிச்சத்தைத் தூக்குப்போசியில் வேலைக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் ஜோசப் சார் அன்று காய்ச்சலில் எதுவும் சாப்பிடாமல் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். சூடு பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைக் காலி பண்ணிவிட்டுக் கேட்டார்:

"இது எந்த ஓட்டல்ல வாங்குனதும்மா?"

"எங்க ஊட்லீங்க சார்."

4. முதலாளி வந்த சனிக்கிழமை

மே மாத சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று பழனி மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். சேலத்திலிருந்து முதலாளி வந்து பார்த்து முடிவு செய்வதாக இருந்தது. ஜோசப் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம் முதலாளி இங்கதான் சாப்பிடறார். அந்த சூப்ப வை. அவருக்குப் புடிச்சுதுன்னா, அடுப்புக்கு வெளியாள் வேண்டாம், காய்கறிப் பக்கம் நம்ம ஸ்டெல்லா இருக்கான்னு நானே பேசறேன். சுட்டு வெக்கிற சூப்புன்னு ஏற்கனவே போன்ல சொல்லிட்டேன். காப்பாத்திரு."

மாஸ்டருக்கு என்னைவிட சந்தோஷம். "நம்ம கண்ணு அடுப்புக்கு வந்துட்டா என்ற முதுகு தப்பிச்சுக்கும்" என்று கிச்சன் முழுக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஏற்காட்டின் ஒண்டிக்கடை பஜாரில் தட்டித் தட்டிப் பார்த்து நல்ல முற்றிய காய்களாக வாங்கினேன். கிச்சன் மேடையில் வரிசையாக வைத்தேன். கெஸ்ட்டுகள் குளிக்க வெந்நீர் போடும் விறகு பாய்லர் பின்கட்டில் இருந்தது. அதில் காலையில் தணல் நிறையக் கிடைக்கும். பாய்லர்காரரிடம் சொல்லி வைத்தேன். கடைசி பஸ்ஸைப் பிடித்து நாகலூர் போனேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். மேடையில் காய்கள் இல்லை. ஒரு பெரிய அண்டா ஈரத் துணியால் மூடியிருந்தது. துணியை எடுத்தேன். எல்லாக் காயும் இரண்டிரண்டாக வெட்டி, விதை நீக்கி, கெடாமல் இருக்க மஞ்சளும் உப்பும் தடவி, அடுக்கி வைத்திருந்தது. உப்புக்குத் தண்ணீர் விட்டு அடியில் தேங்கியிருந்தது.

"யாருங்க்கா வெட்டுனது?" என்று பாத்திரம் கழுவும் அக்காவிடம் கேட்டேன்.

"மாஸ்டருதான். நேத்து எல்லாரும் போனப்புறம் உக்காந்து வெட்டுனாரு. காலைல கறி வாங்கப் போயிருவேன், அவ வர்றப்ப மொத வெட்டு வெட்ட நான் இருக்க மாட்டேன், நல்ல காரியத்துக்குப் போற புள்ள, தோஷம் எதுவும் வரக் கூடாதுன்னாரு."

காயை முழுதாகச் சுட வேண்டும் என்று யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெட்டாமல் வைத்த காயை யார் வந்து தொடப்போகிறார்கள்?

வேறு காய் வாங்கலாம் என்று ஒண்டிக்கடைக்கு ஓடினேன். கடைகளில் பாதி திறக்கவில்லை. திறந்திருந்த கடையில் கீற்றுப் போட்டு விற்கும் அரைக்காய்தான் இருந்தது. திரும்பி வந்தேன். பாதிகளை ஒன்றோடொன்று சேர்த்து, வாழை இலையில் சுற்றி, நாரால் இறுக்கிக் கட்டித் தணலில் வைத்தேன். உப்புத் தண்ணீர் கசிந்து தணலில் சொட்டியது. புகை கிளம்பியது. நார் கருகி அறுந்து, இலை எரிந்து, பாதிகள் விலகிச் சாம்பலில் விழுந்தன. எடுத்துப் பார்த்தால் ஓரம் கரி, நடு வேகாத காய், சதை முழுக்கச் சாம்பல் பூசிய ஈரம்.

அதற்குள் மாஸ்டர் கறியோடு வந்துவிட்டார். பார்த்தார். முகம் மாறியது.

"வேக வெச்சு அரைச்சிரு கண்ணு. யாருக்குத் தெரியப் போவுது?"

அதற்கும் காய் மிச்சமில்லை. எல்லாவற்றையும் தணலில் போட்டிருந்தேன். சுரண்ட முடிந்ததைச் சுரண்டி, வேகவைத்து, அரைத்து, இரண்டு முறை வடிகட்டினேன். பாலேட்டை அதிகமாக ஊற்றினேன். நிறம் சேறு மாதிரியே இருந்தது.

முதலாளி ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். வைத்தவர் விழுங்கவில்லை. நாப்கினில் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க ஜோசப்பு, சாம்பலப் போட்டுப் பாத்திரம் வெளக்குவாங்கன்னு தெரியும். சூப்பும் வெப்பாங்களா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"முதலாளி, தணல்ல ஏதோ கோளாறுங்க. நொம்ப நல்லா வெக்கிற புள்ளைங்க" என்றார் மாஸ்டர்.

"காயே நறுக்கட்டுங்க மாஸ்டர். நான் ஆள் அனுப்பறேன்."

கிச்சனுக்கு வந்ததும் மாஸ்டர் என் தலையில் கை வைத்தார். "காய் சரியில்ல கண்ணு. வெட்டறப்பவே பாத்தேன், உள்ள நெறம் கம்மியாத்தான் இருந்துச்சு. உம்மேல தப்பில்ல." அவர் விரல்களில் மஞ்சள் கறை இன்னும் போகாமல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆமாங்க மாஸ்டர்" என்றேன்.

வீட்டுக்குப் போனேன். "இன்னைக்கு என்ன சமைச்சே?" என்றார் அம்மா.

"சூப்."

"நல்லா இருந்துச்சா?"

"நொம்ப நல்லா இருந்துச்சும்மா."

எத்தனையோ நாள் காத்திருந்த கேள்விக்கு அன்றுதான் சரியான பதில் சொன்னேன். அதன் பாதி பொய்.

5. எங்கள் ஊட்டுக்கு மாஸ்டர் வந்தது

சீசனுக்கு சேலத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அடுப்பில் நின்றான். கெட்டவன் இல்லை. நான் காய்கறிப் பக்கத்திலேயே இருந்தேன். அரசாணிக்காய் வரும். மாஸ்டர் வருவார். ஒரு வெட்டு, பிறகு என் பக்கம் தள்ளிவிடுவார். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த அண்டா ஞாபகம் வரும். கோபம் வரும் என்று எதிர்பார்ப்பேன், வராது. எனக்காக உட்கார்ந்து அத்தனை காயையும் வெட்டிய கைமேல் எப்படிக் கோபப்படுவது?

சில வருடங்கள் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டுச் சேலத்தில் மகனோடு இருக்கப் போவதாகச் சொன்னார். "போறதுக்கு முந்தி உங்க ஊட்டு சூப்ப ஒருக்கா குடிச்சுப் பாக்கோணும். அன்னைக்கு நல்லா அமையாமப் போச்சு" என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நாகலூர் வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். அம்மா பாய் விரித்தார். நான் அடுப்பில் தணலைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மூலையில் அரசாணிக்காய் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் பழக்கப்படி எழுந்துவிட்டார்.

"கத்தி எங்கீங்க? மொத வெட்டு நான் வெட்டித் தாரேன்."

"ஐயோ, வேண்டாமுங்க!" அம்மா பதறி ஓடிவந்து காயை எடுத்துக்கொண்டார். "இத வெட்டவே கூடாதுங்க. முழுசாத்தான் சுடோணும். வெட்டிச் சுட்டா சாம்பல் உள்ள பூந்துருமுங்க. வாயில வெக்க முடியாது. உங்க ஓட்டல்ல இவ சொல்லலீங்களா?"

மாஸ்டரின் கை நீட்டியபடியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் தணல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இல்லாத புகைக்குக் கண்ணைத் துடைத்தேன். அவர் மெதுவாகப் போய்ப் பாயில் உட்கார்ந்தார்.

காய் வேகும்வரை அம்மாதான் பேசிக்கொண்டிருந்தார். மழையைப் பற்றி, காப்பி காய்ப்பைப் பற்றி. மாஸ்டர் "ஆமாங்க", "சரிதானுங்க" என்றார். நான் அரைத்தேன், வடிகட்டினேன், இறக்கி வைத்து ஏடு ஊற்றினேன். கிண்ணத்தில் கொடுத்தேன். அவர் நிதானமாகக் குடித்தார். சமையல்காரர் இன்னொருவர் சமையலைக் குடிக்கும் விதமே வேறு. நாக்கில் நிறுத்தி, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் குடித்தார்.

"எப்படி இருக்குதுங்க?" என்றார் அம்மா.

"நொம்ப நல்லா இருக்குதுங்க."

"ஓட்டல்லயும் இப்படியேதான் வெச்சாளுங்களா? முதலாளி வந்தப்ப நொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொன்னா."

என் கையில் கரண்டி இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மாஸ்டர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"ஆமாங்க. முதலாளி இன்னொருக்கா வாங்கிக் குடிச்சாருங்க."

அம்மாவின் முகத்தை இப்போதும் என்னால் அப்படியே சொல்ல முடியும். சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடி போட்டு வந்த அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். பஸ் சத்தம் கேட்டபோதுதான் வாய் திறந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொல்லி என்னங்க மாஸ்டர் ஆகப் போவுது."

"இத்தன வருசமா காய் சரியில்ல, காய் சரியில்லன்னு சொல்லிட்டுத் திரிஞ்சனே."

பஸ் வந்து நின்றது. ஏறினார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலையின் கடைசி நாளில் அவர் முதலாளியிடம் போய், அன்று சூப்பைக் கெடுத்தது தான்தான் என்று சொல்லி, அந்தப் பெண்ணை அடுப்பு வேலைக்குப் போடும்படி கேட்டாராம். ஜோசப் சார் சொன்னார். முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறார்:

"எந்த சூப்பு?"

அவருக்கு ஞாபகமே இல்லை.

6. இப்போது

இப்போது ஒரு பெண்கள் ஹாஸ்டலின் கிச்சன் என் பொறுப்பில் இருக்கிறது. அடுப்பும் என்னுடையது, சாவியும் என்னுடையது. யாருடைய சிபாரிசும் இல்லாமல், கண்ணாடிக்குள் இருந்த அந்தச் சர்டிபிகேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்க் காட்டி வாங்கிய வேலை. அம்மாவின் கேள்விக்கு இப்போது தினமும் உண்மையைச் சொல்கிறேன்.

கேட்டரிங் படிக்கப் போகிற தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிச்சனில் எந்த வேலையும் ஒருவரால் முடிவதில்லை. உங்கள் மனதில் இருக்கும் செய்முறையை, எதைச் செய்யக் கூடாது என்பதோடு சேர்த்து, எல்லாருக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். உங்களைப் பிடிக்காதவர்களுக்குச் சொல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. அவர்கள் உங்கள் காயைத் தொட மாட்டார்கள். உங்கள்மேல் அன்பாக இருப்பவர்களிடம் முதலில் சொல்லுங்கள். கேட்காமலே உதவி செய்கிறவர்கள் அவர்கள்தான்.

மாஸ்டர் இறந்துவிட்ட செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. பஸ் ஸ்டாப்பில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதற்குப் பிறகுதான் தோன்றியது. அந்த அண்டா ஞாபகம் வந்தபோதெல்லாம் எனக்கு முதலில் தெரிந்தது வெட்டிய காய் இல்லை. எல்லாரும் போனபிறகும் எனக்காக உட்கார்ந்திருந்த ஒருவர். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம்.

ஹாஸ்டலுக்கு வந்த புதிதில் ஒருநாள் அரசாணிக்காய் வந்தது. கூட்டுக்கு. எங்கள் கிச்சனில் ஆண்கள் யாரும் இல்லை. மேடையில் காயை வைத்தேன். கத்தியை ஓங்கினேன். ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

யாரும் "நில்லு" என்று சொல்லவில்லை. வெட்டினேன்.